வியாழக்கிழமை மன்னிப்புகள்

கீபோர்டின் மேல் ஒட்டியிருந்த அந்த மஞ்சள் சீட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும். குண்டு குண்டான ஆங்கில எழுத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது. 'செவ்வாய்க்கிழமை உங்கள் ஸ்டேப்ளரை நான் எடுத்தேன். நீங்கள் தேடியபோது பார்க்கவில்லை என்றேன். அது பொய். மன்னித்துவிடுங்கள்.' ஸ்டேப்ளர் என் மேசையிலேயே இருந்தது. அது காணாமல் போனதும் திரும்பி வந்ததும் எனக்கு நினைவில்கூட இல்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிர் மேசையைப் பார்த்தேன். மொழிபெயர்ப்பாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்து "மன்னித்தேன்" என்று சொல்லும்வரை அவர் கணினியைப் போடவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத எனக்கு அன்றே தெரிந்துவிட்டது, இந்த அம்மாவோடு காலம் தள்ளுவது சுலபமில்லை என்று.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் பிற்பகுதி அது. அபுதாபி பக்கம் அல் ஐன் நகரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்த சீன நிறுவனத்தின் சைட் அலுவலகத்தில் எனக்கு டாக்குமென்ட் கன்ட்ரோலர் வேலை. வருகிற கடிதம், போகிற கடிதம், வரைபடம், சோதனைப் படிவம் எல்லாவற்றுக்கும் எண் போட்டு ஃபைலில் வைப்பதுதான் அந்த வேலை. தகரப் பெட்டிபோன்ற போர்ட்டா கேபினில் நானும் மொழிபெயர்ப்பாளரும் எதிரெதிரே இருந்தோம். நாற்பதைத் தாண்டியவர், திருமணம் ஆகாதவர், வட சீனாவில் ஷாண்டோங் பக்கத்தைச் சேர்ந்தவர். சீனம், ஆங்கிலம், அரபி மூன்றும் தெரியும். நான் அவரை 'மிஸ்' என்பேன், அவர் என்னை 'சிஸ்டர்' என்பார். திருச்சி தில்லைநகரில், கோயில் அர்ச்சனைத் தட்டும் ஆடி வெள்ளி மாவிளக்குமாக வளர்ந்த என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதுபோல இருக்கும்.

வாரா வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் வந்தால் நான் சீக்கிரம் கிளம்பப் பார்ப்பேன். அவர் ஒரு சிறிய நோட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். அந்த வாரம் யாரிடம் என்ன பொய் சொன்னார், யாரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் என்ன பேசினார் என்று பார்த்து, சம்பந்தப்பட்ட ஆளிடமே போய் நின்று சொல்லுவார். எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தவர் பெஷாவர் பக்கத்து முதியவர், ரோஷக்காரர். அவரிடம் போய், "ஆறு மாதமாக உங்கள் தேநீர் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நன்றாக இல்லை. தினமும் ஜன்னல் வழியாக மணலில் கொட்டினேன்" என்று சொல்லிவிட்டார். கிழவர் இரண்டு நாள் யாருக்கும் தேநீர் போடவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு மனம் லேசாகிவிட்டது. எங்களுக்குத்தான் தலைவலி.

கூட்டங்களில் இன்னும் மோசம். கட்டட உரிமையாளர் சார்பாக எங்கள் வேலையை மேற்பார்வை பார்க்க ஒரு ரெசிடென்ட் இன்ஜினியர் இருந்தார், ஜோர்டான்காரர். வாரம் ஒருமுறை அவர் முன்னால் எங்கள் புராஜெக்ட் மேனேஜர் சீனத்தில் பேச, இவர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஒருநாள் மேனேஜர் இரண்டு நிமிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் எழுந்து, "டைல்ஸ் துறைமுகத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லச் சொல்கிறார். அது இன்னும் சீனாவை விட்டே கிளம்பவில்லை. இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை" என்றார். ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாத மேனேஜர் பக்கத்திலிருந்து சிரித்தபடி தலையை ஆட்டி ஆமோதித்தார். அன்று நான் மேசைக்கடியில் பேனா தேடுவதுபோலக் குனிந்தவள் கூட்டம் முடியும்வரை நிமிரவில்லை. இப்படிப்பட்டவரை ஏன் வைத்திருந்தார்கள் என்று கேட்கலாம். மூன்று மொழியும் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். அவர் வாயிலிருந்து எது வந்தாலும் ஜோர்டான்காரர் மறு கேள்வி கேட்காமல் குறித்துக்கொள்வார். அப்படி ஓர் ஆளைக் கையில் வைத்திருப்பது எந்த நிறுவனத்துக்கும் லாபம்தான்.

"ஏன் மிஸ் இப்படி?" என்று ஒரு மதிய உணவின்போது கேட்டேவிட்டேன். அவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்ன கதையை எனக்குப் புரிந்தமட்டில் சொல்கிறேன். ஜப்பான்காரர்களோடு நடந்த போருக்கு முந்தைய காலத்தில் அவர்கள் ஊர்ப்பக்கம் சபைகளில் ஓர் எழுப்புதல் பரவியதாம். ஞாயிற்றுக்கிழமை அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கிறிஸ்தவர்கள், திடீரென்று ஜெபத்தின் நடுவில் எழுந்து நின்று தாங்கள் செய்த தப்பையெல்லாம் வாய்விட்டுச் சொல்லி அழ ஆரம்பித்தார்களாம். ஓர் ஊரில் தொடங்கியது அடுத்த ஊருக்குத் தாவியது. திருடிய ஏர்க்கலப்பை நடுமுற்றத்தில் திரும்பி வந்து கிடந்தது. பல வருடம் பேசாதிருந்த அண்ணன் தம்பிகள் வீதியில் மண்டியிட்டார்கள். மொழிபெயர்ப்பாளரின் தாத்தா அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தா. அவர் எழுதிய ஒரு பொய் வாக்குமூலத்தால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சிறைக்குப் போயிருந்தார். தாத்தா அழுது முடித்தவுடன் நேராக அந்த ஆள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று சொன்னார். வீட்டிலிருந்தவர்கள் காவடித்தடியால் அடித்து அவர் கையை உடைத்தார்கள். "உங்களை மன்னித்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர், அடுத்த வாரம் கட்டுப்போட்ட கையோடு மறுபடி போனாராம். "போன வாரம் மன்னித்துவிட்டேன் என்றது பொய். இன்றைக்குத்தான் மன்னித்தேன்" என்று சொல்வதற்கு!

அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அந்த வாரத்துப் பொய்களைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும். பிற்பாடு அரசாங்க உத்தரவில் தேவாலயங்கள் பூட்டப்பட்டு, வேதப் புத்தகங்கள் பிடுங்கப்பட்ட வருடங்களிலும் கதவைச் சாத்திக்கொண்டு, கிசுகிசுத்த குரலில் அது நடந்திருக்கிறது. அவருடைய அப்பா பள்ளி ஆசிரியர். ஒரு பையனுக்கு வேண்டுமென்றே மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டதை நான்கு வருடம் கழித்துத் தானே போய்ச் சொல்லி வேலையைத் தொலைத்தவர். இப்போது மகள். அல் ஐனில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, அன்றுதான் ஆராதனை என்பதால் சனிக்கிழமை வழக்கம் வியாழனுக்கு மாறியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்படியானால் உங்கள் தாத்தா பொய் வாக்குமூலம் எழுதியதற்கு நான் ஸ்டேப்ளர் சீட்டு வாங்குகிறேனா?" என்றேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாம், சரியாகச் சொன்னீர்கள்" என்றார். கிண்டலும் செல்லுபடியாகாத மனிதரிடம் என்ன பேசுவது?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். கூரை விஷயம் அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடிக்கு நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு போட்டபிறகு, அதன்மேல் தண்ணீரைத் தேக்கி இரண்டு முழு நாட்கள் வைத்திருந்து பார்க்க வேண்டும். கசியவில்லை என்றால்தான் அடுத்த வேலை. திங்கள் காலையில் தேக்கினார்கள். செவ்வாய் மத்தியானம் எங்கள் ஃபோர்மேன் அண்ணன் என் கேபினுக்கு வந்தார். சிவகங்கைக்காரர், பதினைந்து வருடமாக வளைகுடாவில் இருப்பவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, தண்ணியத் தொறந்து விடச் சொல்லிட்டாய்ங்க. டைல்ஸ்காரய்ங்க கீழ நிக்கிறாய்ங்களாம், யல்லா யல்லா, சீக்கிரம்னு கத்துறாரு மேனேஜரு. நான் என்னத்தச் செய்ய?"

"ரெண்டு நாள் ஆகலையேண்ணே."

"அதான் நானும் சொன்னேன். கலாஸ், அம்புட்டுதான், நீ உன் வேலயப் பாருங்கிறாரு."

மறுநாள் சாயங்காலம் சோதனைப் படிவம் என் மேசைக்கு வந்தது. தண்ணீர் திறந்த நாள் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மேனேஜர் அதன்மேல் விரலை வைத்து, அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "புதன்" என்றார். என் கணவருக்கு அப்போது வேலை போயிருந்தது. அவருடைய கம்பெனி மூடிவிட்டது. பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு துபாய்க்கும் அபுதாபிக்கும் பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தார். மகள் பத்தாம் வகுப்பு. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. நான் 'புதன்' என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். பேனாவை எடுத்து, மூடி, மறுபடி எடுத்து எழுதினேன். தினமும் என்ன வேலை நடந்தது என்று எழுதும் சைட் டைரி சீனத்தில் இருக்கும். அதை ஆங்கிலத்தில் மாற்றி, 'உண்மையான மொழிபெயர்ப்பு' என்று கையெழுத்திடுவது மொழிபெயர்ப்பாளர் வேலை. டைரியில் செவ்வாய் என்று இருந்ததை அவரும் புதன் என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார். அவரை மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு என்ன சொன்னாரோ தெரியாது. ஊரில் படுக்கையாகக் கிடந்த அவருடைய அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார் என்று மட்டும் பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்று வியாழக்கிழமைகள் அவர் நோட்டை எடுக்கவில்லை. நான் கவனித்தேன். அப்பாடா, இந்த அம்மாவும் நம்மைப்போல மனுஷிதான் என்று ஒரு நிம்மதி. நாலாவது வியாழக்கிழமை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"சிஸ்டர், சனிக்கிழமை காலை ரெசிடென்ட் இன்ஜினியரிடம் போகிறேன். டைரியில் நான் எழுதியது பொய் என்று சொல்லப் போகிறேன். என் பங்கை மட்டும்தான் சொல்வேன். ஆனால் அவர் உங்கள் படிவத்தையும் எடுத்துப் பார்ப்பார். அதனால் முதலில் உங்களிடம் சொல்கிறேன்."

எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்தது என்று தெரியாது. இரண்டு வருடத்து எரிச்சல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. ஆங்கிலம் மறந்து தமிழிலேயே கத்தினேன். "உங்க தாத்தா அழுதாருன்னா அதுக்கு நான் ஏன் அழணும்? உங்களுக்குப் புள்ளையா குட்டியா? டிக்கெட் எடுத்துக்கிட்டு போயிடுவீங்க. நான் எங்க போறது? உங்க மனசு சுத்தமாகிறதுக்கு என் குடும்பம்தான் துடைப்பமா?"

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்றார். மொழிபெயர்ப்பாளர் அல்லவா! கத்தியதையெல்லாம் நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. கோபத்தை மொழிபெயர்த்துப் பாருங்கள், பாதியில் செத்துவிடும். துடைப்பத்துக்கு ஆங்கிலம் தேடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார். ஆனால் சனிக்கிழமையை மாற்றவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். அவர் போகும் தேவாலய வளாகத்துக்கே போய் அவர்மீது புகார் சொல்லத் தீர்மானித்தேன். ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த அறைகளில் வெவ்வேறு மொழிக்காரர்கள் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். தமிழ் அறையிலிருந்து தபேலாவும் கைத்தட்டலும் சுவரைத் தாண்டி வந்தன. அதற்குப் பக்கத்து அறையில் முப்பது நாற்பது சீனர்கள். அந்தக் கூட்டத்தை நடத்துபவர் விளக்குக் கடை வைத்திருந்தார். என்னைவிடச் சிறியவர். வராந்தாவில் நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் சொன்னால் கேட்பார், நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "மேடம், போன மாதம் என் கடையில் விளக்கு வாங்க வந்தவரிடம், இது ஆறு மாதத்துக்குமேல் எரியாது என்று இவர் சொல்லிவிட்டார். எங்கள் எல்லோருக்குமே இவரால் தொந்தரவுதான். என் தாத்தாவும் அதே எழுப்புதலில் மனம் திரும்பியவர். எங்கள் வீட்டில் அது ஒரு கதை. இவருக்கு அது போன வாரம் நடந்த மாதிரி."

"அப்படியானால் நிறுத்துங்களேன்."

"எப்படி நிறுத்துவேன்? பொய் சொல்லுங்கள் என்று பிரசங்கம் பண்ணவா?" என்றார். பிறகு தயங்கி, "எனக்கும் வெட்கமாக இருக்கிறது மேடம். அவரால் அல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். புகார் கொடுக்கப் போன இடத்தில் இதுதான் எனக்குக் கிடைத்த நியாயம்.

கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று, ஞாயிற்றுக்கிழமை ஒரு நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்த சந்தோஷத்தில் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை ரெசிடென்ட் இன்ஜினியர் என்னைக் கூரை ஃபைலோடு வரச் சொன்னார். போனபோது மொழிபெயர்ப்பாளர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். சொல்லி முடித்துவிட்டார் என்று அவர் தோள்களைப் பார்த்தே தெரிந்தது. இன்ஜினியர் ஃபைலைத் திறந்து, என் படிவத்தை எடுத்து, கட்டத்தின்மேல் பேனா முனையை வைத்தார். மெல்லக் கேட்டார், "இதை எழுதியது யார்?"

அந்த அறையில் குளிர்சாதனம் சத்தமாக ஓடியது. மேசைமேல் ஒரு தட்டில் பேரீச்சம்பழம் இருந்தது. நான் அதையே பார்த்தேன். எத்தனை நொடி என்று தெரியாது. மொழிபெயர்ப்பாளர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "நான்" என்றார்.

இன்ஜினியர் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். படிவத்தில் இருந்த அதே எழுத்துதான் அந்த அலுவலகத்தின் ஒவ்வொரு ஃபைல் முதுகிலும் இருந்தது, என் எழுத்து. ஆனால் சொன்னவர் யார்? இரண்டு வருடமாக ஒரு பொய்கூட நிற்காத வாய். அவர் குறித்துக்கொண்டார்.

கூரையில் மறுபடி தண்ணீர் தேக்கினார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம், மூன்றாவது வகுப்பறையின் உட்கூரையில் ஈரம் வட்டமாகப் பூத்து, சொட்ட ஆரம்பித்தது. மின்விளக்குப் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி. ஃபோர்மேன் அண்ணன் அடியில் வாளியை வைத்துவிட்டு வந்து, "அந்தம்மா சொல்லலேன்னா புள்ளைக தலையிலதான தங்கச்சி எறங்கியிருக்கும்" என்றார். எனக்கு அவரை அறையலாம்போல இருந்தது. தெரியாதா எனக்கு?

பத்து நாளில் மொழிபெயர்ப்பாளரின் விசாவை ரத்து செய்து அனுப்பிவிட்டார்கள். கம்பெனி வேன் கிளம்பும்முன் நான் போய் அவர் கையைப் பிடித்தேன். நன்றி சொல்லத்தான் போனேன். அவர் என்னைப் பேசவிடவில்லை. "சிஸ்டர், நான் ஒரு பெரிய பொய் சொல்லிவிட்டேன். எப்படிச் சரிசெய்வேன் என்று தெரியவில்லை" என்றார். செய்தது எவ்வளவு பெரிய உதவி, அதையும் குற்றமாக்கி என் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார்.

எனக்கு வேலை நிலைத்தது. கணவருக்கும் அபுதாபியில் வேலை கிடைத்தது. மகள் படித்தாள். இப்போது திருச்சிக்கே திரும்பிவிட்டோம். இத்தனை வருடமும் எனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அந்த அம்மாவும் சமயம் வந்தபோது பொய் சொன்னாள்தானே? நான் வாய் திறக்கவில்லை, அவள் பொய்யாகத் திறந்தாள், இரண்டும் ஒன்றுதான். நல்ல சமாதானம். தலையணைபோல வசதியானது.

போன மாதம் மொழிபெயர்ப்பாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் முகவரியை யார் யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறார். அம்மா இறந்துவிட்டார், ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று இரண்டு வரி. பிறகு விஷயம். 'அன்று உங்களைக் காப்பாற்றியதாக இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது சரியல்ல. நீங்கள் பேசத்தான் போனீர்கள். அதற்குள் நான் பேசிவிட்டேன். உங்கள் இடத்தில் நின்று பேச எனக்கு உரிமை இல்லை. என்னை மன்னியுங்கள். அந்த எழுத்து என்னுடையது அல்ல என்று இன்ஜினியருக்கு எழுதிவிட்டேன். யாருடையது என்று எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.'

படித்துவிட்டு அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். கட்டடம் கட்டி முடித்தாயிற்று, அந்தக் கம்பெனியும் இல்லை, அந்த இன்ஜினியர் ஓய்வுபெற்று எங்கோ ஓர் ஊரில் பேரப் பிள்ளைகளோடு இருப்பார். இப்போது யாருக்கு வேண்டும் இது? எந்தக் காலத்திலோ சீனாவில் ஒரு குமாஸ்தா ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று அழுதார். அந்த அழுகை சுற்றிச் சுற்றி வந்து தில்லைநகரில் என் சமையலறையில் நிற்கிறது. நான் என்ன பாவம் செய்தேன்? அதுகூடப் பரவாயில்லை. 'நீங்கள் பேசத்தான் போனீர்கள்' என்று எழுதியிருந்தாரே, அந்த ஒரு வரிதான் என்னை உட்காரவிடவில்லை. நான் பேசப் போகவில்லை. பேரீச்சம்பழத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் பத்து நிமிடம் சும்மா நின்றிருந்தாலும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று நாள் கழித்துப் பதில் எழுதினேன். கணவரிடம் முதலில் சொன்னேன். அவர் "அந்த நேர்முகத் தேர்வுக்கு முதல் நாளா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு கணினி முன் உட்கார்ந்தேன். 'மிஸ், நீங்கள் பேசாமல் இருந்திருந்தாலும் நான் பேசியிருக்க மாட்டேன்' என்று ஒரு வரி. அடுத்த வரியில் இன்ஜினியரின் முகவரியைக் கேட்டேன்.

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. முகவரி மட்டும் இருந்தது. வேறு ஒரு சொல்லும் இல்லை. இந்த வயதில் இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு பாடு! பொய்யாகவாவது ஒரு வார்த்தை பாராட்டி எழுதியிருக்கலாம்.